கப்பல் நம்பர்

ராசுக்குட்டி, நீ போய் நாற்பது நாள் ஆகிறது. இன்று உன் கித்தாரை மாட்டுங்காவில் இருக்கும் கித்தார் கடைக்குத் தூக்கிப்போனேன். அறுந்த கம்பியை மாற்றி, உன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டலாம் என்றுதான்.

கடைக்கார பாய் நம் ஊர்ப்பக்கம். கித்தார் ஓட்டைக்குள் டார்ச் அடித்து, உள்ளே ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார்.

"இதை எப்ப வாங்குனிய, அக்கா?"

"வாங்கலை பாய். கப்பல்காரன் ஒருத்தன் சும்மா குடுத்த பழசு. உள்ள இருக்குல்லா, அது கப்பல் நம்பராம். எம்மவன் சொன்னான்."

பாய் சிரித்துவிட்டார். "நல்லாச் சொன்னான் போங்க! இது கித்தாரோட நம்பர், அக்கா. முதல் ரெண்டு எண்ணும் செஞ்ச வருசம், அறுபத்து நாலு. பக்கத்துல உள்ள எழுத்து கல்கத்தா. போன வருசம் புதுசா வாங்கியிருக்கான்."

போன வருஷம்தான் ஆறு மாதம் தோல் பட்டறையிலிருந்து நேரங்கழித்து வந்தாய். ஊர் சுற்றுகிறாய் என்று தினமும் வைதேன். நீ இதற்காகக் கூடுதல் வேலை பார்த்திருக்கிறாய்.

கப்பல் வேலை தெரிந்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள்: கப்பல் நம்பரைக் கித்தாருக்குள் யாராவது ஒட்டுவார்களா? நானும் நம்பினேனே.

அத்தனை வசவையும் வாங்கிக்கொண்டு நின்றாயே ராசுக்குட்டி, கித்தார் வாங்க வேண்டாம் என்று நான் சொல்லிவிடுவேன் என்றா வாயைத் திறக்கவில்லை?