அட்மிரல் வெட்டுவித்த பொட்டு

எங்கள் வேலியில் இருக்கும் பொட்டை அடைப்பதா, விடுவதா? ஆறு மாதமாக இந்தக் கேள்வியோடு எழும்பி, இதோடுதான் படுக்கிறேன். வேலியில் ஓர் ஆள் குனிந்து போகிற அளவுக்கு விடும் இடைவெளியைத்தான் பொட்டு என்கிறோம். இதை வெட்டுவித்தவர் என் கணவரின் பெரியப்பா. ஊர் அவரை அட்மிரல் என்று சொல்லும்.

அவர் அட்மிரல் அல்ல. வெளிநாடொன்றின் கரையோரக் காவற் கப்பலில் பன்னிரண்டு வருடம் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். புயலில் அகப்பட்ட படகுகளைத் தேடிப்போய் ஆட்களை ஏற்றி வருவது அந்தக் கப்பலின் வேலை.

"மாமா, ஆக்களைக் காப்பாத்தினதை நீங்கள் கண்ணாலை கண்டனீங்களோ?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எஞ்சின் அறைக்கு யன்னல் இல்லைப் பிள்ளை. தலைக்கு மேலை கால் சத்தம் கூடினால், காப்பாத்தியாச்சு எண்டு விளங்கும்" என்றார்.

ஓய்வு பெற்று மயிலிட்டிக்கு வந்தவரைச் சனசமூக நிலையத்தார் புயல் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவராக்கினார்கள். அந்தப் பதவியை வேறு யாரும் கேட்கவில்லை. செயலாளராக அவர் என்னைப் பிடித்தார். காரணம் என் பை. எண்பத்துமூன்று கலவரத்தில் கொழும்பிலிருந்து கப்பலில் வந்து காங்கேசன்துறையில் வெறுங்கையோடு இறங்கிய நாள் முதல், ஒரு பையை எப்போதும் கட்டியே வைத்திருப்பேன். பிறப்புச் சான்றிதழ்கள், பிள்ளையின் துணி, பால்மா, நெருப்புப்பெட்டி. கட்டி முடித்ததும் எதையோ மறந்துவிட்டேன் என்று தோன்றும். மறுபடி அவிழ்ப்பேன். அதைப் பார்த்துச் சிரிக்காதவர் அட்மிரல் ஒருவர்தான்.

அவருடைய திட்டம் எளிமையானது. புயலடித்தால் அலை கடற்கரை வீதிக்கு ஏறிவிடும். அதனால் வீட்டு வளவுகளுக்குள்ளால் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும். ஐந்து நிமிட நடை. நடுவில் இருப்பதெல்லாம் தென்னோலை பின்னிக் கட்டிய கிடுகு வேலிகள். ஒவ்வொரு வேலியிலும் ஒரு பொட்டு வெட்டி, இரு பக்கத்திலும் வேலியைத் தாங்கும் கதியால் மரத்தில் சிவப்புத் துணி கட்டினால் காரியம் முடிந்தது.

முடிந்தது என்று அவர் சொன்னார். வீடுவீடாகப் போய்க் கேட்டது நான். வேலி ஒரு சாண் தள்ளிப் போய்விட்டதென்று வழக்குப் பேசக் கோட்டுக்குப் போகிற ஊர் இது. சிலர் அண்ணையைக் கேட்கவேண்டும் என்றார்கள். அண்ணை தம்பியைக் கேட்கச் சொன்னார். ஒருவர், "பொட்டு வெட்டலாம் பிள்ளை, ஆனால் புயலுக்கு மட்டும்தான் எண்டு எழுதித் தா" என்றார். எழுதிக் கொடுத்தேன்.

கடைசியில் மிஞ்சியது எங்கள் வேலி. என் கணவரின் தாயான மாமியும் பக்கத்து வளவு அம்மாவும் ஏழு வருடமாகக் கதைப்பதில்லை. அதுவும் அந்த ஒரு சாணால் வந்ததுதான். சொல்ல வேண்டியதைத் தங்கள் தங்கள் ஆட்டுக்குச் சொல்வார்கள்.

"உவர் கப்பலுக்கு எண்ணெய் விட்டவர்" என்று மாமி எங்கள் ஆட்டுக்குச் சொன்னார். "எங்கடை வளவுக்கை உவருக்கு என்ன அலுவல்? பொட்டு வெட்டினால் கண்டதெல்லாம் உள்ளுக்கு வரும்."

வேலிக்கு அந்தப் பக்கத்தில் ஓர் ஆட்டுக்குப் பதில் கிடைத்தது: "கேட்டியோ? உன்னைத்தான் சொல்லினம். நீயும் அங்கை போகாதை, அங்கை தின்னவும் ஒண்டும் இல்லை."

அட்மிரல் வந்து மாமியின் மடியில் இருந்த என் பிள்ளையைக் காட்டி, "உவனைத் தூக்கிக்கொண்டு வீதியாலை போவியோ?" என்று மட்டும் கேட்டார். மாமி எழும்பிக் குசினிக்குள் போனார். அதைச் சம்மதம் என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். சரிதானா என்று இன்றும் தெரியவில்லை.

கார்த்திகை மாதம், ஒரு மத்தியானம், புயல் வந்தது. அட்மிரல் விசில் ஊதினாராம். காற்றில் எவருக்கும் கேட்கவில்லை. எங்கள் வரிசைக்குத் தலைவி நான். பிள்ளையை இடுப்பிலும் பையைத் தோளிலும் பொட்டுகளைக் குறித்த வரைபடத்தைக் கையிலும் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். பின்னால் மாமி, அவருக்குப் பின்னால் மேற்குப் பக்க வீட்டார்.

வேலிகள் எல்லாம் விழுந்து கிடந்தன. கிடுகு ஒன்றும் நிற்கவில்லை, கதியால்கள் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றன. பள்ளிக்கூடம் கண்ணுக்கு நேரே தெரிந்தது. நேரே நடந்திருக்கலாம். நான் வரைபடத்தைப் பார்த்து, மழைக்குள் சுற்றிப் போய், சிவப்புத் துணி கட்டிய இரண்டு கதியால்களைக் கண்டுபிடித்து, அவற்றுக்கு நடுவே தலையைக் குனிந்து நுழைந்தேன். பின்னால் வந்த எல்லாரும் ஒருவர்பின் ஒருவராகக் குனிந்து நுழைந்தார்கள். தலைக்கு மேலே இடிக்க ஒன்றுமே இல்லை.

மாமி மட்டும் நின்றுவிட்டார். ஏழு வருடமாகக் கால் வைக்காத நிலம். அங்கே பக்கத்து வளவு அம்மா ஆட்டுக் கயிற்றைப் பிடித்தபடி நனைந்துகொண்டு நின்றார். எங்களை விட்டுப் போகவில்லை, காத்திருந்திருக்கிறார்.

"தள்ளி நில் சனியனே" என்று ஆட்டுக்குச் சொன்னார். "வயது போன ஆக்களுக்கு வழி விடத் தெரியாதோ?"

"ஆருக்கு வயது போனது?" என்றார் மாமி. ஏழு வருடத்தில் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. சொல்லிக்கொண்டே குனிந்து நுழைந்தார். அந்த அம்மா என் இடுப்பிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார்.

பள்ளிக்கூட வாசலில் அட்மிரல் கண்ணை மூடிக்கொண்டு காலடிச் சத்தத்தை எண்ணினார். என் பட்டியலில் ஓர் ஆள் குறைந்தது. அது அவருடைய மனைவி. கொஞ்ச நேரத்தில் அவர் கடற்கரை வீதியால், முழங்கால் தண்ணீருக்குள் நடந்து வந்து சேர்ந்தார்.

"ஊரிலை எல்லாற்றை வேலியும் வெட்டினியள். எங்கடை வேலியிலை பொட்டு எங்கை?"

"தலைமையகத்துக்குப் பொட்டு வைக்கிற வழக்கம் இல்லை" என்றார் அட்மிரல்.

அவருடைய பதவி அத்தோடு முடிந்தது. விசில் இப்போது அவர் மனைவியிடம். கோழிகளைக் கூப்பிட ஊதுகிறார்.

வேலிகளைத் திரும்பப் போட்டோம். மற்ற வளவுகளில் பொட்டை அடைத்துவிட்டார்கள். எங்களுடையது மட்டும் திறந்தே இருக்கிறது. மாமி ஒவ்வொரு நாளும் "நாளைக்கு அடைக்கவேணும்" என்கிறார். கிடுகுக்காரர் பொட்டுக்குக் கிட்ட வந்ததும் கிடுகு போதாது என்று அனுப்பிவிடுகிறார். பின்நேரங்களில் இரு பக்கமும் ஆளுக்கொரு பலகை போட்டு இருவரும் இருக்கிறார்கள். சண்டைதான் பிடிக்கிறார்கள், ஆனால் நேரே பிடிக்கிறார்கள். ஆடுகள் நிம்மதியாக மேய்கின்றன.

என் பயம் வேறு. பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டான். அவன் வைத்த முதல் நாலு அடியும் பொட்டை நோக்கித்தான். அந்த வளவுக் கிணற்றுக்குச் சுற்றுக் கட்டு இல்லை. உலை கொதிக்கும்போது இரண்டு தரம் ஓடிப் போய்ப் பார்க்கிறேன். அடைத்தால் பிள்ளைக்குப் பயமில்லை. ஆனால் அடுத்த கார்த்திகையில் எந்த வழியால் அவனைத் தூக்கிக்கொண்டு போவேன்? இவர்கள் இரண்டு பேரும் மறுபடி ஆட்டோடு கதைக்கத் தொடங்கினால், அடைத்தவள் நானல்லவா?

"சின்னப் படலை ஒண்டு போடு, முடிஞ்சுது" என்கிறார் என் கணவர். வேலிக் கதவாக அந்தப் படலையும் செய்வித்தாயிற்று. பத்து நாளாகச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். கொண்டியை எங்கள் பக்கம் வைத்தால், அவர்களை வெளியே பூட்டினோம் என்று அந்த அம்மா நினைப்பார். அவர்கள் பக்கம் வைத்தால் மாமி சாப்பிடமாட்டார். புயல் நேரத்தில் மற்றப் பக்கத்தில் நிற்பவள் நானாக இருந்தால்?

வேலியும் சின்னப் பிள்ளையும் உள்ள வாசகர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து எழுதுங்கள். கொண்டியை எந்தப் பக்கம் வைக்க?