தாழ்ப்பாளின் நொண்டி நடை

என் மருமகள் கை வைத்தால் செத்த நாயும் எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டுத்தான் மறுபடி சாகும். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். செத்த நாய் என்ற இடத்தில் படுத்த நாய் என்று போட்டுக்கொள்ளுங்கள். மற்றது அப்படியே இருக்கட்டும்.

முதலில் அவள் மனிதர்களுக்குத்தான் உடற்பயிற்சி வைத்தியம் பார்த்தாள். ஏன் விட்டாய் என்று கேட்டால், "மனுஷங்களுக்கு வலி வாயில இருக்கு அத்தை. நாய்க்கு வலிக்கிற இடத்துலதான் வலிக்கும்" என்பாள். எங்கள் வீட்டுக் கார் நிறுத்தும் கொட்டகைதான் இப்போது அவள் வைத்தியசாலை. தரையில் கறுப்பு ரப்பர் விரிப்பு. நிலக்கடலை வடிவத்தில் ஒரு பெரிய பந்து, முன்கால்களை அதில் ஏற்றி நிற்கப் பழக்க. தாண்டித் தாண்டி நடக்கத் தாழ்வான கட்டைகள். மூலையில் ஆள் உயரக் கண்ணாடித் தொட்டி. அதன் அடியில் ட்ரெட்மில் பட்டை. தொட்டியில் தண்ணீர் ஏறினால் நாயின் பாரத்தைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும், கால்கள் பயமில்லாமல் நடக்கும். எந்நேரமும் ஈர நாய் வாடை. துண்டு பிழிகிற உத்தியோகம் எனக்கு.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. புது நாய் வந்தால் பார்க்கமாட்டாள். சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு, வாசலிலிருந்து கொட்டகை வரைக்கும் உள்ள ஓடு பதித்த நடையில் அதை நடத்திவரச் சொல்வாள். நகம் தரையில் படுகிற சத்தத்தை வைத்தே எந்தக் கால், எந்த மூட்டு என்று சொல்லிவிடுவாள். "கண்ணு ஏமாத்தும், நகம் ஏமாத்தாது" என்று பெருமை வேறு.

அந்தக் காதுதான் அவளை ஒருமுறை கவிழ்த்துவிட்டது.

கடைத்தெருவில் பூட்டுக் கடை வைத்திருந்தவர் இறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அவர் மனைவி, எல்லோருக்கும் பூட்டுக்காரம்மா, ஒரு பெரிய பழுப்பு நாயோடு வந்தார். கணவரின் காலோடு காலாக ஒட்டிக்கொண்டே வளர்ந்ததால் அவரே அதற்குத் தாழ்ப்பாள் என்று பெயர் வைத்திருந்தார்.

நடையில் சத்தம் கேட்டது. டக், டக், டக்... சர்ர்.

"இடது பின்னங்கால். முட்டிக்கு மேல" என்றாள் மருமகள், சுவரைப் பார்த்தபடியே.

அன்று நான் கவனித்த ஒன்றை அவள் கவனிக்கவில்லை, திரும்பி நின்றாளே! நாய் வாசலைத் தாண்டியதும் சற்று ஒதுங்கி நின்றது. பின்னால் வருகிறவருக்கு வழிவிடுவதுபோல. பின்னால் யாரும் இல்லை. பிறகுதான் நடந்தது.

கால்நடை டாக்டர் எடுத்த எக்ஸ்ரேயில் இடது கால் பழுதில்லாமல் இருந்தது. கெட்டுக்கொண்டிருந்தது வலது இடுப்பு. எல்லாப் பாரமும் அதன்மேல். "நொண்டல் நிக்கலைன்னா வலது கால் முழுசாப் போயிரும்மா. இவ்வளவு பெரிய உடம்பை அப்புறம் யாராலும் எழுப்ப முடியாது. கருணை ஊசிதான்" என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

மருமகள் தன் காதை நம்பி இடது காலோடு மல்லுக்கு நின்றாள். வெந்நீர்ப் பை, நீவல், கட்டைகள், பந்து. நாய் மறுப்புச் சொல்லாமல் எல்லாம் செய்தது. தொடை இறுகியது. நொண்டல் மட்டும் இம்மியும் குறையவில்லை.

ஒரு மத்தியானம் நாயை நான் நடத்திவந்தேன். பூட்டுக்காரம்மா நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ பாட்டுக் கேட்பவர்போல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"தூக்கமாம்மா?" என்றாள் மருமகள்.

"இல்லம்மா. அவரு வர்றாரு."

என் கையில் இருந்த துண்டு நழுவியது.

"அவருக்கு இடது கால் கொஞ்சம் இழுக்கும். இதே சத்தம்தான். கடையிலேர்ந்து வந்தா தெருமுனையிலேயே தெரிஞ்சிரும்."

"பக்கத்துலயே நடந்து இதுக்கும் பழகியிருச்சா?"

"அவரு இருந்தப்ப இது நேராத்தான் நடந்துச்சு. அவரு போனப்புறம்தான் இப்படி."

மருமகள் அப்போதுதான் முதன்முறையாக, காலை மட்டும் பார்க்காமல், அந்த நாயின் முழு நடையையும் கண்ணால் பார்த்தாள். இரண்டு தரம் போகவிட்டு, வரவிட்டுப் பார்த்தாள்.

"அத்தை, இது நொண்டவே இல்ல. இடப்பக்கத்துல இழுத்து நடக்கிற யாருக்காகவோ காலைத் தேக்கித் தேக்கி வைக்குது."

அதற்கப்புறம் நான் நாயின் இடப்பக்கமாகப் போகவே இல்லை. சுற்றிக்கொண்டுதான் போனேன்.

அவள் யோசித்தாள். கண்ணாடித் தொட்டி குறுகல். ஒரு நாய் நின்றால் பக்கத்தில் ஒரு ஆள் நுழைய இடமில்லை. உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும். வேகத்தைப் பட்டை தீர்மானிக்கும், பக்கத்தில் வருகிறவர் தீர்மானிக்கமுடியாது.

பூட்டுக்காரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அதை நேராக்கிடாத தாயி. வீட்ல அவருன்னு சொல்ல அந்த நடை ஒண்ணுதான் மிச்சம்."

"அந்த நடைதாம்மா இதைக் கொண்டுபோகப் போகுது. அப்புறம் நடையும் இருக்காது, நாயும் இருக்காது."

அந்தம்மா அவள் கையை விட்டார். பிறகு தானே எழுந்து தொட்டியின் கதவைத் திறந்துவிட்டார்.

தண்ணீர் நாயின் வயிறு வரை ஏறியது. பட்டை ஓடத் தொடங்கியது. தாழ்ப்பாள் ஒரு நொடி இடப்பக்கம் திரும்பிப் பார்த்தது. அங்கே கண்ணாடி. பிறகு நடந்தது. நான்கு காலும் ஒரே சீராக. துளி இழுப்பு இல்லை.

அப்போதுதான் வெளியே, யாருமில்லாத நடையில் கேட்டது. டக்... சர்ர். டக்... சர்ர். வந்தது, கொட்டகை வாசலில் நின்றது. நாய் காதைத் திருப்பியது. நடையை நிறுத்தவில்லை.

பூட்டுக்காரம்மா வாசலைப் பார்த்து, அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். "நீங்க முன்னாடி போங்க. பிள்ளையைக் கூட்டிக்கிட்டு நான் மெதுவா வர்றேன்."

டக்... சர்ர். தேய்ந்துகொண்டே போய்த் தெருவில் கலந்தது.

தாழ்ப்பாள் பிறகும் பல தடவை தொட்டியில் நடந்தது. இடுப்பு தேறியது. கடைசியாக வந்த அன்று வாசலில் அது ஒதுங்கி நிற்கவில்லை, நேராக உள்ளே வந்து என் துண்டைக் கவ்விக்கொண்டு ஓடியது. பூட்டுக்காரம்மா சிரித்தார். ஆனால் கிளம்பும்போது வாசல் கதவைக் கொஞ்ச நேரம் திறந்து பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான்.

என்னைப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிடாதீர்கள். படித்தவள் நான். காரணம் கண்டுபிடித்தும் வைத்திருக்கிறேன். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற பம்பு பழசு, நடையின் ஓரத்தில்தான் இருக்கிறது. இழுத்து இழுத்துத்தான் ஓடும். அன்று கேட்டதும் அதன் சத்தம்தான். இதை எழுதி முடித்து, துண்டு மடித்துக்கொண்டிருந்த மருமகளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"எல்லாம் சரிதான் அத்தை" என்றாள். "ஆனா பம்பை நிறுத்தாம நான் என்னிக்குமே பட்டையை ஓட்டுனதில்லை."