சட்டைப் பையில் ஒரு பல்வரிசை

பல்லுக்காரர் என்று கேட்டால்தான் அந்த வட்டாரத்து மருத்துவமனைகளில் அவரைத் தெரியும். பல்லைப் பிடுங்குவது டாக்டர் வேலை. பிடுங்கிய இடத்துக்குப் பல்வரிசை செய்து கொடுப்பது இவர் வேலை. வீட்டு முன்னறையில் இரண்டு மேசை, ஒரு அரவை மோட்டார், சன்னலோரம் காயும் அச்சுகள். முடிந்த வரிசைகளைச் சோப்பு டப்பா அளவுள்ள டப்பாக்களில் போட்டு, மூடியில் பெயர் எழுதி, தோல்பையில் அடுக்கிக்கொண்டு தினமும் காலையில் மெட்ரோ ரயில் ஏறுவார். எதிரே வருகிறவரின் முகம் அவருக்கு ஞாபகம் வராது. அந்த ஆள் சிரித்துவிட்டால் வந்துவிடும்.

இரண்டு வருடத்துக்கு முன் அவர் மனைவி போன ரயில் பெட்டியில் எவனோ பெட்ரோல் பாட்டிலைத் திறந்தான். பக்கத்தில் நின்றவர் தீப்பெட்டியைத் தட்டிவிட்டதால் எல்லோரும் பிழைத்தார்கள். அதற்குப் பிறகுதான் நிலையத்தில் சோதனை வந்தது. காவலர் யாரைக் கை காட்டுகிறாரோ அவர் பையைத் திறக்க வேண்டும். ஏன் என்னை என்று கேட்க வழியில்லை. மனைவி தினமும் போன் போட்டு, "இன்னிக்கு சோதனை பண்ணாங்களா? நல்லா பாத்தாங்களா?" என்று கேட்பாள். பார்த்தார்கள் என்றால்தான் அவளுக்கு மூச்சு வரும். இவருக்கும் அது சரியாகத்தான் பட்டது, அந்தத் திங்கட்கிழமை வரை.

அன்று காவலர் டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து மூடியிலிருந்த பெயரைச் சத்தமாகப் படித்தார். மூன்றாவது பெயரில் நின்றார்.

"அண்ணே, இது நம்ம மைக் அக்கா பேராச்சே. அவங்களுக்கா பொய்ப்பல்லு?"

மைக் அக்கா அந்த நிலையத்தின் அறிவிப்பாளர். படியில் விழுந்து மேல்வரிசை மொத்தமும் போய், தற்காலிகப் பல்லோடு பேசிக்கொண்டிருந்தார். உடன் வேலை செய்கிறவர் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் மைக்கை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள் என்று அவருக்குப் பயம்.

"அது வேற ஆளு சார். பேரு ஒண்ணா இருக்கு, அவ்வளவுதான்" என்றார் பல்லுக்காரர். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் காது சுட்டது போலச் சிவந்தது.

அளவு திருத்திய அக்காவின் வரிசையை மறுவாரம் எடுத்துப்போனபோது அவர் மூடிகளில் பெயரே எழுதவில்லை. மேலே இருப்பது அக்காவுடையது, அடுத்தது ஓய்வுபெற்ற லாரி டிரைவருடையது என்று மனசுக்குள் ஒரு கணக்கு. காவலர் அன்றும் கை காட்டினார், எல்லாவற்றையும் வெளியே எடுத்தார், தன் இஷ்டத்துக்குத் திரும்ப அடுக்கினார். பல்லுக்காரர் மூடியைத் திறந்து பார்க்காமல் மனசுக் கணக்குப்படி நர்சிடம் கொடுத்துவிட்டு அடுத்த மருத்துவமனைக்குக் கிளம்பினார்.

பாதி வழியில் போன். டிரைவருக்குச் செய்த வரிசையை டாக்டர் அக்காவின் வாயில் மாட்டிப் பார்த்திருந்தார். பல்லுக்காரர் திரும்பி ஓடினார்.

"இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, ஓரத்தைக் கொஞ்சம் தேய்க்க வேண்டும் என்று அக்காவின் வரிசையைத் திருப்பிக் கொடுத்தார் டாக்டர்.

மருத்துவமனை நடையில் அக்கா காத்திருந்தார். "பேரு ஏன் எழுதல அண்ணா?"

நடந்ததைச் சொன்னார்.

"சத்தமா படிச்சாரா?"

"பின்னால நின்னவங்களுக்கெல்லாம் கேட்டுச்சும்மா. வேற ஆளுன்னு சொல்லிட்டேன்."

அக்கா வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். "நாளைக்குச் சட்டைப் பையில போட்டு எடுத்துட்டு வாங்க. அவங்க பையத்தான் பாப்பாங்க, சட்டைய தொடுறதில்ல. அங்கயே கெடக்கேன், எனக்குத் தெரியாதா?"

"தப்பில்லையாம்மா?"

"தெரியல அண்ணா. சோதனைக்கு ஒத்துழைப்பு தாங்கன்னு ஒரு நாளைக்கு நாப்பது தடவ சொல்றது நாந்தான்."

மறுநாள் காவலர் தோல்பையைக் குடைந்தார். ஒரு இடுக்கியும் இரண்டு அச்சும் கிடைத்தன. "மைக் அக்கா பல்லு இன்னிக்கு இல்லையாண்ணே?" என்று சிரித்தார்.

"அதான் வேற ஆளுன்னு சொன்னேனே சார்."

தலைக்கு மேலே ஒலிபெருக்கியில் அதே அக்கா, உடைமைகளைச் சோதனைக்குத் திறந்து காட்டும்படி தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பல்லுக்காரர் தாண்டிப் போனார். எவ்வளவு சுலபம் என்று முதலில் நிம்மதி வந்தது. பாதிப் படியில் அதே நினைப்பு அவரை நிறுத்தியது. இவருக்குத் தெரிந்தது அந்தப் பாட்டில்காரன் மாதிரி ஒருவனுக்குத் தெரியாதா? அப்படியானால் இத்தனை நாள் எதைத் திறந்து காட்டினோம்? சட்டைப் பையையும் பார்த்தால்தான் சரியா? பார்த்திருந்தால் அக்கா கதி?

ரயிலில் எதிரே உட்கார்ந்தவனின் சட்டைப் பை புடைத்திருந்தது. பல்லுக்காரர் அதையே பார்த்தார். அவன் கவனித்துவிட்டு, பையைக் கையால் மூடிக்கொண்டான். இவர் கையும் தானாகத் தன் சட்டைப் பைமேல் போனது.

போன் அடித்தது. மனைவி.

"சோதனை பண்ணாங்களா?"

"பண்ணாங்க."

"நல்லா பாத்தாங்களா?"

எதிரே இருந்தவன் இன்னும் கையை எடுக்கவில்லை. இவரும் எடுக்கவில்லை.

"பாத்தாங்க" என்றார். "நீ அடுத்த நிலையம் வரைக்கும் போனை வைக்காம பேசிட்டே இரு."