திருப்பிக் கொடுத்த இடம்

மொன்ட்ரியாலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் இரண்டாம் மாடி வீடொன்றில் தனியாக இருக்கிறார் றெனோல்ட். இயங்குதளத்தின் அடிப்பகுதியான கேர்னலில் பிழை தேடுவது அவர் வேலை. கோவிட் காலத்தில் கம்பனி மொன்ட்ரியால் அலுவலகத்தை மூடியபிறகு, கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரும் வேறு நாடுகளில், திரையில் வெறும் எழுத்துகளாகிப் போனார்கள். சில நாட்களில் அவர் வாயிலிருந்து வருவது, கீழே டெப்பனர் என்கிற மூலைக் கடையில் பால் வாங்கும்போது பிரெஞ்சில் நன்றியாகச் சொல்லும் "மெர்சி" ஒன்றுதான்.

போன குளிர்காலத்தில் ஒரு சேர்வர் அடிக்கடி மக்கர் பண்ணியது. டிஸ்க்கில் எதையும் மாற்றுவதற்கு முன் அதைக் குறித்துவைக்கிற ஜேர்னல் குழம்பிப்போகும். பிறகு கோப்புகளை வாசிக்கலாம், எழுத முடியாது. டிஸ்க் பழுதென்று மாற்றினார்கள். புதியதிலும் அதே கதை. மற்றவர்கள் ஒவ்வொருவராக வேறு வேலைக்குப் போய்விட, றெனோல்ட் மட்டும் மிஞ்சினார்.

கெட்டுப்போன ஜேர்னலை உற்றுப் பார்த்தபோது, நடுவே நெட்வேர்க்கில் வந்த செய்தித் துண்டுகள் கிடந்தன. அப்போதே டிஸ்க்கில் குற்றமில்லை என்று தெரிந்துவிட்டது. நினைவகத்தில் யாரோ அடுத்தவர் இடத்தில் எழுதுகிறார்கள். அங்கே யார் எதை எழுதினாலும் கண்காணிக்கும் சோதனையைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். அந்தச் சுமையில் சேர்வர் ஊர்ந்தது. ஒரு மதியம், சோறு வேகும்போது, ஆள் அகப்பட்டது: நெட்வேர்க் கருவியை இயக்கும் நிரலான ட்ரைவர்.

ரொறொன்ரோவில் இருக்கும் தங்கை மாக்கிரட்டை அழைத்தார்.

"பிடிச்சிட்டன்."

"ஆரை அண்ணை?"

"வாடகை வீட்டைத் திருப்பிக் குடுத்த பிறகும் பழைய திறப்போட வந்து சாமானை மாத்தி வைக்கிற ஆள் மாதிரி. அந்த இடத்தில இப்ப ஜேர்னல் இருக்கு."

"கள்ளனே? பொலிசுக்குச் சொன்னனிங்களோ?"

"இல்லை, கம்ப்யூட்டருக்குள்ள."

"ஓம் ஓம். சாப்பிட்டனிங்களோ? பிள்ளையை நீச்சலுக்குக் கூட்டிக்கொண்டு போறன், பேந்து எடுக்கிறன்."

அவள் திரும்ப எடுக்கவில்லை.

ட்ரைவருக்கு எழுதிய திருத்தத்தை, கேர்னல் வேலை செய்பவர்களின் பொது மின்னஞ்சல் பட்டியலுக்கு அனுப்பினார். ஏற்றுக்கொண்டதாக ஒற்றை வரி வந்தது. சேர்வர் அதன்பிறகு நிற்கவில்லை. நிற்காத சேர்வரைப் பற்றி யாரும் பேசவுமில்லை.

பனி உருகத் தொடங்கியபோது, பிரேசிலில் இருந்து முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். அவர்களுக்கும் இதே தொல்லையாம், திருத்தம் காப்பாற்றிவிட்டதாம். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டிருந்தார்.

றெனோல்ட் அன்று முழுவதும் பதில் எழுதினார். கேட்டதற்கு மேலேயே விளக்கினார். அனுப்பும் முன் கடைசியில், தேவையில்லாமல், ஒரு கேள்வியைச் சேர்த்தார்: உங்கள் ஊரில் இப்போது மழையா, வெயிலா?