யாரு பெத்த பிள்ளையோ

கணினியின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறாள், காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொடுவது போல. "இன்னும் வேகல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். திரையில் எழுத்துகள் சரம்சரமாக ஓடுகின்றன. வேலை நின்றுபோனால் சூடு தணியும். திரையைப் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் அவள் கைக்குத் தெரிந்துவிடும்.

தெருவில் அவளுக்கு வலைக்காரி என்று பெயர். குடிவந்த புதிதில், என்ன வேலை என்று கேட்டவர்களிடமெல்லாம் "வலை பின்றேன்" என்று சொல்லிவைத்தாள். "எந்த ஆத்துல மீன் பிடிக்க?" என்றார் கீழ்க்கடைத் தையல்காரர். அவள் அசரவில்லை. "உங்க சட்டைக்குள்ள இருக்கிற உடம்பையே பிடிக்கிற வலை, அண்ணே." பொய்யில்லை. ஒரு பொருளின் உருவத்தைக் கணினிக்குள் வாங்கி, சின்னச் சின்ன முக்கோணத் துண்டுகளால் இண்டு இடுக்கு விடாமல் நிரப்பினால், எந்தத் துண்டில் எவ்வளவு பாரம் விழும் என்று கணக்குப் போட்டுவிடலாம். அந்தத் துண்டுகளின் பின்னல்தான் வலை. பாலத்துக்கும் பின்னுவார்கள், பல்லுக்கும் பின்னுவார்கள். இவள் பின்னுவது செயற்கைக்கால் செய்யும் பட்டறைக்கு. இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்களோடு பேச்சே வேண்டாம்.

வலை பின்னும் மென்பொருளை அவள் கடைச்சரக்காக வாங்குவதில்லை. யாரோ எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று திறந்து வைத்திருக்கும் மூலநிரலை, அதாவது மென்பொருளின் கட்டளை வரிகளை இறக்கி, தன் கணினிக்குத் தோதாக ஓடும் மென்பொருளாகத் தானே கட்டிக்கொள்வாள். "ரெடிமேட் எனக்கு ஒத்து வராது, அண்ணே. உங்களுக்குத் தெரியாததா?" அந்த ஒரு பேச்சில் தையல்காரருக்கு அவள் மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது.

கட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. அந்தத் துணைநிரல் இருக்கிறதா, இந்தக் கருவி இருக்கிறதா என்று கணினியே கேட்டு, கணினியே பதில் சொல்லிக்கொண்டு போகும். வேறு யாராவது என்றால் அந்த நேரத்தில் எழுந்து போய்க் காலாறிவிட்டு வருவார்கள். இவளோ, உலையை ஏற்றிவிட்டு டப்பா டப்பாவாகத் திறந்து பார்க்கிறவள் போல, ஒவ்வொரு வரிக்கும் வாய்விட்டுப் பதில் சொல்வாள். "இருக்கு... இருக்கு... நீயும் வந்துட்டியா, உக்காரு." நடுவில் ஒரு 'இல்லை' வந்து, அதனால் பரவாயில்லை என்று கணினி தாண்டிப் போனாலும் அவள் தாண்டமாட்டாள். "இல்லேன்னு சொல்லிட்டு எங்க ஓடுற? நில்லு." பேருந்து ஓட்டும் அவள் கணவர், "என்னை இந்த அளவுக்கு விசாரிச்சிருந்தா நான் எப்பவோ உருப்பட்டிருப்பேன்" என்பார்.

மூலநிரலுக்குள் எழுதினவர்கள் அங்கங்கே குறிப்பு விட்டுவைத்திருப்பார்கள். 'இந்த வரியைத் தொடாதீர்கள். ஏன் சரியாக நடக்கிறது என்று எங்களுக்கே விளங்கவில்லை' என்று ஒன்று. அதை எத்தனை முறை பார்த்தாலும் சிரிப்பாள். கட்டி முடிந்ததும் திரையின் மேல்விளிம்பை விரலால் தடவி, "யாரு பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கணும்" என்பாள். அத்தோடு விடாமல், முகம் தெரியாத அந்தப் பிள்ளைகளுக்கு நன்றி சொல்லி எழுதியும் போடுவாள். பதில் வந்தால் சந்தோஷம், வராவிட்டாலும் குறையில்லை.

தையல்காரருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. விபத்தில் போயிற்று. பட்டறை செய்துகொடுத்த செயற்கைக்காலில், மிஞ்சிய கால் உட்காரும் கிண்ணம் கடித்துக் கடித்துப் புண்ணாக்கியது. தையல்காரன் உட்கார்ந்தே பிழைக்கலாமே என்று நினைப்பவர்கள் துணி வெட்டிப் பார்த்ததில்லை. மேசையைச் சுற்றிச் சுற்றி நின்றால்தான் கத்தரி சொன்னபடி கேட்கும். கடையில் இருந்த ஒற்றை முக்காலியில் உட்கார்ந்தபடி அவர் எட்டி எட்டி வெட்டினார், கோடு கோணிற்று. "புதுக் கிண்ணமும் கடிச்சுதுன்னா கத்தரிக்கோலை யாருக்காவது குடுத்துட்டு, நான் பொத்தான் தைக்கப் போயிடறேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

புதுக் கிண்ணம் எங்கே அழுத்தும் என்று பார்க்க, பட்டறைக்கு அவர் காலின் வலை வேண்டும். மறுநாள் காலையில் கிண்ணத்தை வார்ப்பதாக இருந்தார்கள். அவளுடைய பழைய மென்பொருளோ, அவர் காலில் இருந்த தழும்பின் மடிப்புக்கு வந்ததும் படுத்துக்கொண்டது. மடிப்பு அவ்வளவு மெலிசு. எழுதினவர்கள் அந்தக் குறையைச் சரிசெய்து புது மூலநிரல் போட்டிருந்தார்கள். அதைக் கட்ட வேண்டியதுதான் பாக்கி. தன் கால் உருவாவதைத் தானும் பார்க்க வேண்டும் என்றார் தையல்காரர். மாடி ஏற அவரால் முடியாது. அவளே கணினியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து வெட்டுமேசையில் வைத்தாள். முக்காலியில் அவர், துணிமூட்டை மேல் அவள்.

"இஸ்திரிப் பெட்டி கணக்கா சுடுதே, தங்கச்சி. சட்டைத் துணி கருகிடப் போகுது."

"சுட்டாத்தான் அண்ணே, வேலை நடக்குதுன்னு அர்த்தம்."

கட்டி முடிந்தது. யாரோ பெற்ற பிள்ளையை வாழ்த்தினாள், வலையை ஓட்டினாள். அதே மடிப்பில் போய்ப் படுத்துக்கொண்டது. எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து கட்டினாள். மறுபடியும் அதே இடம். வெயில் மேசையை விட்டு இறங்கிவிட்டது.

"விடு, தங்கச்சி. இந்தக் காலோட ராசி அப்படி. பொத்தான் தைக்கிறதும் தொழில்தான்." அவர் கத்தரிக்கோலைத் துணியில் சுற்றத் தொடங்கினார்.

"அதை இருந்த இடத்துலயே வைங்க" என்று அதட்டினாள். திரையை ஓட்டத்தின் தொடக்கம் வரை மேலே தள்ளினாள். சோதனையில் ஒரு வரி விடாதவள், மென்பொருள் எழுந்ததும் தன் பெயரும் பதிப்பும் சொல்லும் முதல் வரியை மட்டும் என்றைக்கும் படித்ததில்லை. வணக்கம் சொல்வதையெல்லாம் யார் படிப்பது என்ற அலட்சியம். அன்றைக்குப் படித்தாள். படித்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"என் புத்தியைப் பாருங்க, அண்ணே! புது மருமக வந்து உள்ள உக்காந்திருக்கா. நான் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, அதே பேருள்ள மாமியார் 'என்னடி'ன்னு வந்து நிக்கிறா!"

பழைய மென்பொருளை அவள் அகற்றவே இல்லை. பெயரைச் சொன்னதும் கணினி பழைய இடத்தில் தேடி, பழையதையே ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறது. புதிதாகக் கட்டியது ஒருமுறைகூட ஓடவில்லை.

"மாமியாரை என்ன பண்ணப் போற?"

"நாலு நாள் மக வீட்டுல இருக்கட்டும்." பழையதை எடுத்தாள், புதியதைக் கூப்பிட்டாள். எழுத்துகள் மடிப்பைத் தாண்டி ஓடின. படம் வந்தது. தழும்பை நெருங்க நெருங்க முக்கோணங்கள் சிறுத்து, மடிப்புக்குள் இறங்கி, அந்தப் பக்கம் கரையேறியிருந்தன. தையல்காரர் திரையைத் தொடாமல் விரலை அதன் மேலாகக் கொண்டுபோனார். "கிழிசலே இல்ல" என்றார்.

புதுக் கால் வந்து பழகிய பிறகு ஒரு பகலில், அவள் கணினியோடு கீழே வந்தாள். அவர் மேசையைச் சுற்றி நடந்து வெட்டிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரமா அண்ணே நிக்கிறீங்க?"

"பேச்சுக் குடுக்காதே, அளவு தப்பிடும்."

"அந்தப் பிள்ளைங்களுக்கு இன்னும் நன்றி எழுதல. நீங்களே சொல்லுங்க, என்ன எழுதட்டும்?"

அவர் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கத்தரி நிற்காமல் நேராகப் போய்க்கொண்டே இருந்தது. மேசைக்கடியில் சும்மா கிடந்த முக்காலியைப் புதுக் காலால் ஒரு தள்ளுத் தள்ளினார். அது கிறீச்சிட்டுக்கொண்டே வந்து அவள் பக்கத்தில் நின்றது.