மாலை ஊசியும் ஒரு போத்தல் தண்ணீரும்

மருந்து இலவசமாகக் கிடைத்தும் நீண்டகால நோயாளிகள் அதை ஏன் இடையில் விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் கலாநிதிப் பட்ட ஆய்வின் கேள்வி. வருமானம் குறைந்த பல நாடுகளைப் பற்றிய கட்டுரைகளைப் படித்துக் காரணங்களை வகுத்து வைத்திருந்தேன்: தூரம், செலவு, மறதி, ஊசிப் பயம், கைமருந்தில் நம்பிக்கை. அந்த வரிசையோடுதான் கல்முனைக்கு வந்தேன். பிறந்து வளர்ந்ததும் இதே கிழக்கிலங்கைக் கரையில்தான் என்பதால், பெரிதாக எதுவும் விடுபட்டிருக்காது என்று நம்பினேன்.

சாச்சியை நீரிழிவுக் கிளினிக்கில் சந்தித்தேன். எனக்கு உறவில்லை, உம்மாவின் வயதுப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம். வலது காலின் இரண்டாம் விரலில் மீன் முள் குத்திய புண் ஆறாமல் இருந்தது. காலையிலும் மாலையிலும் இன்சுலின் போடச் சொல்லியிருந்தார்கள்.

"சீனி குறைஞ்சாத்தான் புண் காயும். அடுத்த கிளினிக்குக்கும் இப்படியே வந்தா விரலை எடுக்க வேண்டிவரும்" என்றார் டொக்டர். "ரெண்டு நேரமும் ஊசி போடுறீங்கதானே?"

"ஓம் டொக்டர்."

கேள்வி முடிவதற்குள் வந்த பதில் அது. அந்த வாரமே, ஆய்வுக்குச் சம்மதம் வாங்கிக்கொண்டு சாச்சியின் வீட்டுக்குப் போனேன்.

எங்கள் பக்கத்தில் மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடு மகளுக்கு. பெற்றோர் ஒதுங்கிக்கொள்வார்கள். கணவர் மௌத்தான பிறகு சாச்சி சமைக்கும் குசினியை ஒட்டிய சின்ன அறையில் இருந்தார். முன்பக்கம் மகளும் மருமகனும்.

"கிளினிக் தூரமா சாச்சி?"

"மருமகன்ட ஆட்டோ வாசல்லயே நிக்குது."

"ஊசிக்குப் பயமா?"

"அஞ்சு புள்ள பெத்தவளுக்கு ஊசி என்ன பயம்?"

"மறந்துபோகுமா?"

"மறக்கிறதுக்கு நான் என்ன பரீட்சையா எழுதுறன்?"

என் வரிசை முடிந்துவிட்டது. பேனையை மூடினேன். சாச்சி எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தணித்தார்.

"பிரிஜ் முன்பக்க ஹோலுக்குள்ள நிக்குது புள்ள."

எனக்கு விளங்கவில்லை.

"மருந்து அதுக்குள்ள. காலையில பரவாயில்ல, மருமகன் வெள்ளனவே ஆட்டோ ஹயருக்குப் போயிருவாரு. பின்னேரம் அஸர் தொழுகையோட வந்து, போட்டிருக்கிற சேட்டைக் கழட்டிப்போட்டு, பிரிஜ்ஜுக்குப் பக்கத்திலதான் படுப்பாரு. நான் எப்பிடிப் போற?"

"மகள் எடுத்துத் தரமாட்டாவா?"

"அவ அந்நேரம் டியூஷன் குடுக்கப் போயிருவா. ராவு இஷா தொழுகைக்குப் பொறகுதான் வருவா. கேட்டா, போட்டாச்சு எண்டு சொல்லிருவன்." சாத்திய கதவை ஒருமுறை பார்த்தார். "ஒருநாள் போய்ப் பாத்தன். மனிசன் பதறி எழும்பி, சேட்டைத் தலைகீழா மாட்டிக்கிட்டு ரோட்டில போய் நிண்டாரு. நான் திரும்பிற வரைக்கும் உள்ள வரல்ல. பாவம்."

மாமியும் மருமகனும் நேருக்கு நேர் கதைப்பதில்லை என்ற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதில் பகை இல்லை, மரியாதைதான். அந்த மரியாதைக்குத்தான் சாச்சி ஒரு விரலைக் கொடுக்க இருந்தார்.

"மகளிட்ட நான் சொல்லட்டா?"

"வேணாம். தன்னாலதான் மாமிக்குச் சீனி வருத்தம் கூடிச்சு எண்டு அவரு நினைச்சிருவாரு. அந்தப் பிரிஜ்ஜுப் பெட்டி நடந்து குசினிக்கு வந்தா நல்லம்."

"கால் இல்லாட்டியும் தள்ளலாமே சாச்சி."

"கலியாணத்துக்கு எடுத்த சாமான். வாற சனம் காணணும் எண்டுதான் ஹோல்ல வெச்ச."

"சனம் இன்னும் பாத்து முடியல்லயா?"

சாச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நீங்களே மகளிட்டக் கேட்டுப் பாருங்க, உங்கட விரல்தானே" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்கு மேல் என்னால் முடியாது. பேட்டியில் கேட்டதை வெளியே சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். பஸ்ஸில் வரும்போது மகளின் டியூஷன் வகுப்பைத் தாண்டித்தான் வந்தேன், இறங்கவில்லை. அடுத்த கிளினிக் நாள்வரை அந்த விரல் என் நினைவிலேயே இருந்தது.

அன்று ஆட்டோ வாசலில் வந்து நின்றதும் மருமகன் இறங்கி என்னிடம் வந்தார்.

"நீங்கதானே பிரிஜ்ஜைத் தள்ளச் சொன்ன டொக்டர்?"

"நான் டொக்டர் இல்ல. படிக்கிறன்."

"படிக்கக்குள்ளயே இப்பிடி எண்டா, முடிச்சா வீட்டையே தள்ளுவீங்க." முறைப்பாடு போல் தொடங்கினாலும் முகத்தில் சிரிப்பு இருந்தது. "பிரிஜ் குசினிக்குப் போயிட்டு. அங்க மாமி. இப்ப எனக்குத்தான் குளிர்தண்ணி இல்ல."

பின்சீட்டிலிருந்து சாச்சி என்னைப் பார்த்துச் சொன்னார்: "பொய் சொல்ல வேணாமெண்டு அவருக்குச் சொல்லுங்க புள்ள. பின்னேரம் மருந்தெடுக்கக்குள்ள ஒரு போத்தல் குசினிப் படியில வெக்கிறன்தானே."

"வருது, வருது" என்றார் அவர், ரோட்டைப் பார்த்தபடி. "முந்தநாள் தண்ணி வரல்ல. உங்கட உம்மா ஊசி போடல்ல எண்டு பொஞ்சாதிக்குப் போன்ல கோல் எடுத்தன்."

"அண்டைக்கு நான் குளிச்சிட்டு வரப் பிந்திட்டு" என்று சாச்சி எனக்கு விளக்கினார்.

சீனி இன்னும் சரியான அளவுக்கு வரவில்லை. ஆனால் நன்றாக இறங்கியிருந்தது. டொக்டர் கட்டை அவிழ்த்து, விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புண்ணின் ஓரங்கள் காய்ந்து சுருங்கியிருந்தன. "எடுக்கிற கதை வேணாம். இப்படியே போடுங்க" என்றார்.

வெளியே மர வாங்கில் உட்கார்ந்து, இதைப் பற்றி எழுதலாமா என்று சாச்சியிடம் கேட்டேன்.

"எழுதுங்க. பேரைப் போடாதீங்க. சேட்டுக் கதையையும் விடுங்க."

"அது இல்லாட்டி விளங்காதே சாச்சி."

"அப்ப, நல்ல சேட்டு எண்டு எழுதுங்க."

அன்று அவர் போட்டிருந்ததும் நல்ல சேட்டுத்தான், நீலக் கோடு போட்டது. என் கேள்விகளில் இப்போது இரண்டு கூடியிருக்கின்றன: மருந்து வீட்டில் எங்கே இருக்கிறது, அதை எடுக்கும் நேரத்தில் அங்கே யார் இருப்பார்கள். கேட்கத் தொடங்கிய பிறகு, ஒவ்வொரு வீட்டிலும் பதில் நீளமாக வருகிறது.

சாச்சியை ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். மருமகன் ஹாண்டிலைப் பிடித்தபடி, திரும்பாமலே என்னிடம் கேட்டார்:

"விரல் என்னவாம்?"

நான் வாய் திறப்பதற்குள் பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

"இரிக்கு எண்டு சொல்லுங்க புள்ள."