அவிழ்க்காத தொட்டில்

"...புள்ளைய மட்டும் தூக்கிட்டுக் கெளம்புனா எப்படி தம்பி? கட்டுன சேல அப்படியே தொங்குதுல்ல. நீங்க திரும்பி வருவீங்களா மாட்டீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

டிக்கோயாவில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் அக்கா சொன்னது இது. தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது குழந்தைகளை இவரிடம்தான் விடுவார்கள். உத்தரத்தில் ஆறே வளையங்கள். வருகிறவர்கள் ஒரு வளையம் கேட்டு வாங்கி, தங்கள் சேலையில் தொட்டில் கட்டிக்கொள்வார்கள். அன்று சனிக்கிழமை; மகளை மதியமே கூட்டிப்போக வந்திருந்தேன். ஏற்கெனவே நாலு பேர் அவிழ்க்காமல் போயிருந்தார்கள். வெறும் தொட்டில்கள் மேலே ஆட, யாருடையதோ கைக்குழந்தை கீழே பாயில் கிடந்தது.

எனக்குப் பொறி தட்டியது. சி என்ற கணினி மொழியை நான் பாதி போனில் பார்த்தும் பாதி ஹட்டன் ஞாயிறு வகுப்பிலும் படித்தவன். மறுநாள் வகுப்பில் என் புரோகிராமை ஓட்டிக் காட்ட வேண்டும். ஒரு தடவை தோற்றாயிற்று. இன்னொரு தடவை தோற்றால் வகுப்பில் இடமில்லை. புரோகிராமோ நன்றாகத் தொடங்கும், கொஞ்ச நேரத்தில் நினைவகம் தீர்ந்துவிட்டதென்று நின்றுவிடும்.

அதில் ஒவ்வொரு சுற்றிலும் நினைவகத்தில் புதிதாக இடம் கேட்டு வாங்கி, அதன் முகவரியை மாறி என்னும் ஒரே பெட்டியில் குறித்துவைத்தேன். அடுத்த முகவரி வந்ததும் முந்தியது அழிந்துபோகும். பழைய இடம் மட்டும் யாருக்கும் உதவாமல் பிடிபட்டுக் கிடக்கும். எனக்கு இனி வேண்டாமென்று நான் சொல்லாமல் கணினிக்கு எப்படித் தெரியும்?

சேலையை அவிழ்த்துவிட்டு, மறப்பதற்குள் இங்கேயே போனில் எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். நான் விளக்கியதில் அக்காவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆனாலும் மகளைத் தன் இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, பிள்ளைகள் உட்கார்ந்து சோறு தின்னும் வாங்குப் பலகையைத் துடைத்துக் கொடுத்தார். புது இடம் கேட்கும் முன் பழையதைத் திருப்பிக் கொடுக்கும்படி, 'ஃப்ரீ' என்று ஒரு வரி சேர்த்தேன். ஓட்டிப் பார்த்தேன்; வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டிப் போனது. அரைமணி நேரமாகியும் நிற்கவில்லை.

இன்று இந்தக் கணினி வேலையில்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது. சொல்லித்தந்தவர்களை நினைக்கும்போதெல்லாம் அக்கா முகம்தான் முதலில் வருகிறது.

அன்று என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "ஓடுதா?" என்றார் அக்கா.

"ஓடுதுக்கா. நீங்க சொல்லித்தான்."

"நான் எங்க சொன்னேன்? ஏசுனேன்ல" என்று சிரித்தவர், வெளியே பனி இறங்கியிருப்பதைப் பார்த்து, தன் தோளில் கிடந்த துவாயை மகளின் தலையில் இறுக்கிச் சுற்றி என் கையில் கொடுத்தார்.